ஒரு பட்டியலும் பதினான்கு புத்தகங்களும்

கல்லூரி ஆசிரியர்கள் ஓய்வு பெறும்போது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு துறை துறையாக அலைய வேண்டும். ‘நிலுவை இல்லை’ என்று ஒவ்வோர் இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். விடுதி, விளையாட்டு அறை, கூட்டுறவுச் சங்கம், அலுவலகம், நூலகம். ‘நோ டியூ’ என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் நூலகம்தான். எப்போதோ எடுத்த புத்தகம், யாரிடம் கொடுத்தோம் என்று தெரியாத புத்தகம், கரையான் தின்ற புத்தகம் எல்லாம் அன்றைக்குத்தான் பூதமாகக் கிளம்பும்.

2018 மே மாதம் நான் ஓய்வு பெற்றபோது என் தாளில் முதலில் விழுந்த கையெழுத்து நூலகத்தினுடையது. கூட இருந்த நண்பர் ஆச்சரியப்பட்டார். “எப்படிங்க? நான் ஒரு மாசமா வீட்டையே புரட்டிட்டிருக்கேன்” என்றார். எனக்கு அந்தச் சங்கடம் ஐந்து வருடம் முன்பே வந்து போய்விட்டது. வரவழைத்தவள் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவி. அதற்குக் காரணம் ஒரு பட்டியல். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது டெல்டா பக்கத்தில் ஒரு கல்லூரியில். வரலாற்றுத் துறை. பெயர் வேண்டாம், என் குற்றத்துக்கு ஊரை ஏன் இழுக்க வேண்டும்? பிள்ளைகளில் பெரும்பாலோர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். தமிழ்வழி வகுப்பு.

ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் முதல் நாள் வகுப்பில் நான் ஒரு காரியம் செய்வேன். ‘பார்வை நூல்கள்’ என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டு, இருபது புத்தகங்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லுவேன். நீலகண்ட சாஸ்திரியின் சோழர்கள் பற்றிய நூல், சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம், கே.கே. பிள்ளையின் தமிழக வரலாறு மக்களும் பண்பாடும், மயிலை சீனி. வேங்கடசாமி, நொபொரு கராஷிமா என்று போகும். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். கராஷிமா ஒரு நோட்டில் ‘கரசிம்மா’ ஆகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. எழுதிக்கொண்டோம் என்ற திருப்தி அவர்களுக்கு. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நானும் பார்த்ததில்லை, அவர்களும் பார்த்ததில்லை. தேர்வுக்கு அவர்கள் படித்தது வேறு. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் ‘சார் நோட்ஸ்’ என்று கேட்டால் கிடைக்கும். நான் 1991இல் வகுப்பில் சொன்னதை யாரோ ஒரு மாணவர் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதன் நகலின் நகலின் நகல். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பானேன்?

2012இல் எங்கள் நூலகத்துக்குப் புதிதாக ஒரு நூலகர் அம்மா வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். அதுவரை எங்கள் நூலகத்தில் இருந்தது அட்டைப் பெட்டிதான். நீளமான மர இழுப்பறைகள், அவற்றில் கம்பியில் கோத்த அட்டைகள், ஓரம் மடங்கி அழுக்கேறி இருக்கும். பாதி அட்டைகளைக் காணோம். அவர் வந்த வருடமே எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றத் தொடங்கினார். அதற்குப் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் கோஹா.

“என்ன மேடம் பேரு இது?” என்று கேட்டேன். அவர் சொன்ன கதை எனக்குப் பிடித்திருந்தது. நியூசிலாந்தில் லெவின் என்ற சிற்றூரைச் சேர்ந்த நூலகம் ஒன்று. 2000ஆம் ஆண்டு பிறந்தால் அவர்களுடைய பழைய கணினி முறை தேதிக் குழப்பத்தில் நின்றுபோகும் என்ற நிலை. புதிதாக வாங்கப் பணம் போதாது. தாங்களே ஒன்றைச் செய்வித்து 2000 ஜனவரியில் ஓடவிட்டார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. வெறும் இனாம் இல்லை. வாங்கிக்கொண்டவர் ஒருநாள் பதிலுக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறதாம். நம் ஊர் மொய் மாதிரி என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.

ஆனால் கணினி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒருநாள் ஒரு பையன் நூலகக் கணினியின் முன் உட்கார்ந்து ‘சோழர்’ என்று தமிழில் தட்டினான். ஒன்றுமே வரவில்லை. அலமாரியிலோ 954.82 என்று எண் ஒட்டிய வரிசையில் சோழர் பற்றி ஒரு தட்டு நிறைய இருக்கிறது. விசாரித்தால், பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றியவர்கள் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒருவர் ‘சோலர்’ என்று, ஒருவர் ழகரத்துக்கு இசட்-எச் போட்டு, இன்னொருவர் ச-வுக்கு எஸ் போட்டு. பையன் எஸ் போட்டுத் தேடிப் பார்த்தான். சூரிய அடுப்பு பற்றி மூன்று புத்தகங்கள் வந்தன.

நான் சிரித்துவிட்டேன். நூலகர் அம்மா சிரிக்கவில்லை. “சார், இதையெல்லாம் தமிழ்ல மாத்தி முடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்? நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்க பாடத்துக்கு என்னென்ன புத்தகம்னு எழுதிக் குடுங்க. நான் தேடி எடுத்துப் பட்டியலாப் போட்டுடறேன்” என்றார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். கோஹாவில் நூலகப் பட்டியலைத் தேடும்போது ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம் இருக்கும். வேண்டிய புத்தகங்களுக்கு டிக் போட்டு, ‘பட்டியலில் சேர்’ என்று சொல்லி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடலாம். நமக்கு மட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் பார்க்கும்படியும் விடலாம். அந்தப் பட்டியலுக்கென்று தனியாக ஓர் இணைய முகவரி உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் போதும். மாணவன் எதையும் தேட வேண்டியதில்லை. திறந்தவுடன் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், அலமாரி எண், இப்போது உள்ளே இருக்கிறதா வெளியே போயிருக்கிறதா என்பது எல்லாம் வரிசையாக நிற்கும். தெரிந்தவர் ஒருவர் ஒருமுறை தேடி வைத்தால் தெரியாத அறுபது பேர் தேடாமல் போகலாம். அவ்வளவுதான் விஷயம்.

நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் புத்தகமாக வெளியிட்டார். வாசகருடைய நேரத்தை வீணாக்காதே என்பது அதில் நாலாவது. என் பட்டியலில் இருந்த நீலகண்ட சாஸ்திரியும் பண்டாரத்தாரும் பிறந்தது 1892. ரங்கநாதன் பிறந்ததும் அதே வருடம்தான். எழுதியவர்களும் சரி, எழுதியதை வாசகன் கையில் சேர்க்க வழி சொன்னவரும் சரி, ஒரே வயதுக்காரர்கள். நடுவில் குறுக்கே நின்றது யார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

2013 ஜூனில் என் இருபது புத்தகப் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நூலகர் அம்மா கூப்பிட்டார்.

“சார், இதுல நாலு புத்தகம் நம்ம நூலகத்துலயே இல்ல. இன்னும் சிலது வெளியே இருக்கு. அப்படியே சேர்த்துடட்டுமா?”

“சேர்த்துடுங்க மேடம். வரும்போது வரட்டும்” என்றேன்.

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு “சரிங்க சார்” என்றார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இல்லாத நாலு புத்தகங்களை நான் இருபது வருடங்களாகப் பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன் என்பதே அன்று எனக்கு அதிர்ச்சியாக இருந்ததால் மற்றதைக் கவனிக்கவில்லை.

பட்டியலின் முகவரியைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அப்போது வகுப்பில் நாலைந்து பேரிடம்தான் இணையம் வரும் போன். மற்றவர்களுக்கு நூலகத்தில் ஜன்னலோரம் இரண்டு கணினிகள். முதல் வாரம் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பிறகு கருத்தரங்கக் கட்டுரைக்குத் தலைப்புகள் கொடுத்தேன். அக மதிப்பீட்டு மதிப்பெண் என்றதும் நகர ஆரம்பித்தார்கள்.

உத்திரமேரூர் குடவோலைத் தேர்தல் என்ற தலைப்பு அந்த மாணவிக்கு. அதிகம் பேசாத பெண். ஒருநாள் பிற்பகல் துறைக்கு வந்து கதவருகே நின்றாள்.

“என்னம்மா?”

“சார், பண்டாரத்தார் புத்தகம் வேணும். போன வருஷத்துலேர்ந்து கேக்கறேன் சார். எப்பப் போனாலும் வெளியே போயிருக்குன்னுதான் சொல்றாங்க. திரும்ப வந்ததும் குடுப்பாங்கன்னு நெனச்சேன்.”

“வரும்மா. காத்திருந்து வாங்கிக்க.”

“இல்ல சார். நீங்க போட்ட பட்டியல்ல பாத்தேன். திரும்பத் தரவேண்டிய தேதின்னு போட்டிருக்கு. 2004 சார். மூணு பகுதியும். அது மட்டுமில்ல, இன்னும் நெறைய புத்தகத்துக்கு அப்படித்தான் இருக்கு. நாங்க ரெண்டு நாள் தாமதம் பண்ணினாலே ஃபைன் கட்டறோம். ஒன்பது வருஷமா யாரோ வச்சிருக்காங்க சார். நூலகத்துல கேட்டேன், யாருன்னு சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க சொன்னா வாங்கித் தருவாங்கல்ல?”

அவள் குரலில் கோபம் இல்லை. வாத்தியாரிடம் முறையிட்டால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இருந்தது. நான் “பார்க்கறேம்மா” என்று சொல்லி அனுப்பினேன்.

வாசகர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அந்த மூன்று பகுதிகளும் என் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரியின் இரண்டாவது தட்டில் இருந்தன.

நேராக நூலகத்துக்குப் போனேன். “மேடம், என் பேர்ல மொத்தம் எத்தனை?” என்றேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். பதினான்கு. பட்டியலில் பிள்ளைகளுக்கு நான் ‘கட்டாயம் படியுங்கள்’ என்று சொன்ன புத்தகங்களில் ஒன்பது அதில் அடக்கம்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“சொன்னேனே சார், வெளியே இருக்குன்னு” என்றார் மெதுவாக.

எப்படி இவ்வளவு நாள் ஓடியது என்று கேட்பீர்கள். ஆசிரியர்களுக்குத் தனிப் பதிவேடு. அபராதம் கிடையாது. வருடா வருடம் இருப்புச் சரிபார்க்க வரும்போது ‘வீட்டில் இருக்கிறது’ என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது. கணினிக்கு மாற்றியபோது அந்தப் பழைய தேதிகளோடே ஏற்றிவிட்டார்கள். பதிவேட்டுக்குள் கிடந்தவரை அது எனக்கும் பழைய நூலகருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பட்டியலை எல்லோருக்கும் திறந்துவிட்டதும் ஊருக்கே தெரிந்த விஷயமாகிவிட்டது, ஆள் பெயர் மட்டும் பாக்கி.

மாணவர்களுக்கு அபராதம் நாளுக்கு ஐம்பது பைசா. அந்தக் கணக்கில் ஒன்பது வருடத்துக்கு ஒரு புத்தகத்துக்கே 1,600 ரூபாய்க்கு மேல் வரும். பதினான்குக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 23,000. அன்று இரவு தூக்கம் வராமல் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போது என் மனைவி வந்து நின்றாள். “இதெல்லாம் நம்ம புத்தகம்னுல்ல இத்தன நாளும் தொடச்சு வச்சிட்டிருந்தேன்?” என்றாள். பதிமூன்று கிடைத்தன. பதினான்காவது, மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’. யாருக்குக் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் வைத்துக்கொண்டதைப்போல அவரும் வைத்துக்கொண்டிருப்பார்.

ஏன் வைத்துக்கொண்டேன்? அடிக்கடி தேவைப்படும் என்பது ஒரு காரணம். பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், நம்மிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்பது நான் சொல்லிக்கொண்ட இரண்டாவது காரணம். மூன்றாவது ஒன்று உண்டு. அது அன்று இரவு பண்டாரத்தாரைப் புரட்டும்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துக்குப் பக்கம் நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன். அந்த வரிகள்தான் என் நோட்ஸ். ஒரு சொல், இரண்டு சொல் மாற்றம். பிள்ளைகள் கையில் இந்தப் புத்தகம் போனால் என் வகுப்பில் எனக்கு என்ன மிச்சம்? இப்படி நினைத்து நான் ஒளித்து வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பிக் கொடுக்க ஒன்பது வருடங்களில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை என்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு துணிப்பைகளில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலகர் அம்மா ஒவ்வொன்றாக வாங்கிப் பதிந்தார். காணாமல் போனதற்குப் புதிய பதிப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சிவப்புக் கோடுகளைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. “நூலகத்துக்கு வேற ஏதாவது புத்தகம் வாங்கித் தரட்டுமா மேடம், அபராதம்னு வச்சுக்குங்க” என்றேன். நூலகத்திலேயே இல்லை என்று சொன்ன நாலு புத்தகங்களின் பெயரை எழுதித் தந்தார். அதில் மூன்று கிடைத்தன. வாங்கிக் கொடுத்தேன்.

வகுப்பில் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பெண் யாரென்று கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த வாரம் பாடமே உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு. வாரிய உறுப்பினராக யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று விரிவாகச் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. முப்பது வருடமாக இந்த இடத்தில் குரலை உயர்த்திச் சொல்லி, ‘பார்த்தீர்களா, ஆயிரம் வருடம் முன்பே’ என்று நிறுத்துவேன். அன்று நிறுத்திவிட்டு மேலே போக முடியவில்லை. சொல்லிவிட்டேன். “அந்தப் புத்தகங்களை ஒன்பது வருஷமா வச்சிருந்தது நான்தான். இப்ப நூலகத்துல இருக்கு. எடுத்துப் படிங்க.”

வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். “அப்ப சார் பேரைக் குடத்துல போடக் கூடாதா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவள் சங்கடப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

பத்து நாள் கழித்து அவள் கட்டுரையோடு வந்தாள். “சார், உங்க நோட்ஸ்ல இருக்கற வரியெல்லாம் இந்தப் புத்தகத்துல இருக்கு சார்” என்றாள். நான் பயந்திருந்த வார்த்தை. ஆனால் அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஆளை வெளியூரில் பார்த்த மாதிரி சந்தோஷமாகச் சொன்னாள். அதோடு இன்னொன்றும் கேட்டாள். “வயசு மட்டும் உங்க நோட்ஸ்ல முப்பதுலேர்ந்து எழுபது வரைக்கும்னு இருக்கு. புத்தகத்துல வேற மாதிரி இருக்கே சார்?”

உட்கார்ந்து பார்த்தோம். உத்திரமேரூரில் கல்வெட்டுகள் இரண்டு. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முதலாவதில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டே வருடத்தில் அதைத் திருத்தி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று ஆக்கியிருக்கிறார்கள். நானோ, எழுதிக்கொண்ட மாணவரோ, யாரோ ஒருவர் இரண்டையும் கலந்து ஒன்றாக்கி, 1991 முதல் ஜெராக்ஸ் கடை வழியாக இருபது வருடத்துப் பிள்ளைகளுக்கு விநியோகம் செய்திருக்கிறோம். ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டாவது புத்தகம் வேண்டுமே! பட்டியலில் இருந்து இரண்டு புத்தகங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் மாணவி அவள். ஊர் கூடித் தன் விதியைத் தானே திருத்திக்கொண்டது என்பதுதான் அந்தக் கல்வெட்டுகளில் எனக்கு இப்போது மிகவும் பிடித்த விஷயம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

அதற்குப் பிறகு பட்டியலை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டேன். இருபது புத்தகத்தை ஒரே மூச்சில் போட்டால் பிள்ளைகள் மலைத்துப் போகிறார்கள். அதனால் பாடத்திட்டத்தின் ஐந்து அலகுக்கும் ஐந்து பட்டியல். ஒவ்வொன்றிலும் ஆறு, ஏழு புத்தகங்களுக்கு மேல் இல்லை. எந்தப் பக்கம் படிக்க வேண்டும் என்று பட்டியலில் குறிக்க வழி இல்லை. அதற்கு நூலகர் அம்மா ஒரு வழி சொன்னார். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, ‘இந்தப் பாடத்துக்கு இந்தப் பக்கங்கள்’ என்று என்னை எழுத வைத்தார். சிவப்புக் கோடு போட்ட கைக்கு அது பரிகாரம் மாதிரி இருந்தது.

இன்னொரு வசதியும் வந்தது. மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். அந்த இணைப்பைப் புத்தகத்தின் பதிவிலேயே அவர் சேர்த்துவிட்டார். பிள்ளைகள் கையில் நல்ல போன் வந்த பிறகு, பஸ்ஸில் போகும்போதே திறந்து படித்தார்கள். ஒரு பிரதியை ஒருவர் ஒன்பது வருடம் வைத்துக்கொள்ளும் பேச்சே அங்கு இல்லை.

ஒரு பட்டியலை மட்டும் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று திறந்துவிட்டேன். ‘மாணவர் கண்டெடுத்தவை’ என்று பெயர். போட்டித் தேர்வு கையேடுகள் இரண்டு வந்தன. யாரோ ‘பொன்னியின் செல்வ’னைச் சேர்த்திருந்தார்கள். நாவல் வரலாறு ஆகாது என்று சொல்லலாம்தான். ஆனால் எங்கள் துறையில் சேர்ந்த பாதிப் பேரைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் புத்தகம்தானே? நீக்கவில்லை.

ஓய்வு பெறும்போது நூலகக் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கு மூடினால் அதில் உள்ள பட்டியல்களும் போய்விடக்கூடும் என்று நூலகர் அம்மாவுக்குக் கவலை. நான் போவதற்கு ஒரு மாதம் முன்பே துறையின் பெயரில் ஒரு கணக்கு திறந்து, ஐந்து பட்டியல்களையும் அங்கே திரும்பக் கட்டிவிட்டார். என் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சொன்னார்: “புத்தகம் எல்லாம் குடுத்துட்டீங்க சார். பட்டியலையும் குடுத்துட்டீங்க. இனிமே உங்களுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல.”

பாக்கி இல்லை என்று அவர் சொன்னார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2004க்கும் 2013க்கும் இடையில் என் வகுப்பில் உட்கார்ந்து, நூலகத்தில் கேட்டு, ‘வெளியே போயிருக்கு’ என்று கேட்டுத் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்களுக்கு எந்த மேசையில் போய் நிலுவைக் கையெழுத்து வாங்குவது?

என் வயது ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கு உங்கள் அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். உள் அட்டையில் கல்லூரி முத்திரையோடு ஏதாவது இருந்தால் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

இப்போதும் சில நாள் மதியம் போனில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே! எனக்குப் பின் வந்தவர்கள் சிலதை நீக்கியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாத புதிய புத்தகங்களைச் சேர்த்திருக்கிறார்கள். நேற்று பார்த்தேன். பண்டாரத்தார், பகுதி ஒன்று: வெளியே உள்ளது. திரும்பத் தரவேண்டிய தேதியையும் பார்த்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை.